ஐஸ் டப்பா

திருத்துறைப்பூண்டியில் காலை ஐந்தே முக்கால் பஸ்.
மடியில் தெர்மாகோல் டப்பா.
டப்பாவுக்குள் ஐஸ், ஐஸுக்குள் பாலிதீன் உறை,
உறைக்குள் ஒரு புட்டி,
புட்டிக்குள்
நேற்றுவரை என் குடலில் குடியிருந்த
ஒரு ஜில்லா ஜனம்.

கண்டக்டர் குனிந்தார். "மீனா?"
"ஆமா."
"என்ன மீனு?"
"இன்னும் பேர் வைக்கலை."
சிரித்துவிட்டு, லக்கேஜ் போடாமல் நகர்ந்தார்.

பாமணியாற்றில் ஒன்பது ஷட்டருக்கு நான் லஸ்கர்.
எதை எத்தனை அங்குலம் தூக்கினால்
எந்த ஊர் நாற்று நனையும் என்று சொல்வேன்.
போன ஆடியில், தண்ணீர் வந்த வாரம்,
தொண்டை கட்டியது.
மறுநாள் சிறுநீர் கடுங்காப்பியாகப் போனது.
வலியே இல்லை. அதனால்தான் ஏமாந்தேன்.
உடம்புச் சூடு என்று இளநீர் வெட்டினாள் அஞ்சுகவல்லி.
நிறம் தெளிந்தது. நுரை நின்றுவிட்டது.
ஷட்டரடியில் புரளும் நுரை
பத்தடி போவதற்குள் உடைந்துவிடும்.
இது உடையவில்லை.

குப்புறப் படுக்கவைத்து
முதுகு வழியே ஊசி விட்டு
நெல் முளை அளவுக்குக் கிட்னியைக் கிள்ளி எடுத்தார்கள்.

டாக்டர் நிலோபர் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார்.
வளைந்து வளைந்து ஒரு குடல்.
கரை நெடுகப் புள்ளிகள். "கிருமிங்க.
பயப்படாதீங்க, முக்காவாசி நல்ல குடித்தனக்காரங்க."
கரையைக் காக்க உடம்பு அனுப்பும் காவலாட்களில்
சிலருக்கு நுனியில் ஒரு சர்க்கரை குறைகிறதாம்.
குறைப்பட்டவனை
அந்நியன் என்று உடம்பே பாய்ந்து பிடிக்கிறதாம்.
பிடித்தவனும் பிடிபட்டவனும்
கட்டிக்கொண்டே ரத்தத்தில் மிதந்து
வடிகட்டியில் வண்டலாய்ப் படிகிறார்களாம்.

"அப்ப தப்பு மேல்மடையில,
கேடு கடைமடையில."
பேனாவை மூடினார். "கிட்டத்தட்ட."
"யார் மேல மனு கொடுக்கறது?"
அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.
"கிருமி தூண்டிவிடுதா, பிறவிக் கூறா, ரெண்டுமா,
முழுசாத் தெரியலை.
அதுக்குத்தான் உங்க மலம் கேக்குறோம்."

முப்பத்தெட்டு வருஷத்தில்
என்னிடம் ஓட்டு கேட்டிருக்கிறார்கள்,
கைரேகை, ஆதார், கோயிலுக்கு வரி.
இதை ஒருவரும் கேட்டதில்லை.
மாத்திரை தந்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்,
வேதாரண்யத்து உப்பளத்தில் பெண்ணெடுத்தவனிடம்.

மன்னார்குடியில் கல்யாணக் கூட்டம் ஏறியது.
பஸ் முழுக்க மல்லிகை.
டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டேன்,
மணம் அதற்கு ஆகாது என்பதுபோல.
பக்கத்துச் சீட்டுப் பிள்ளை
அதன் குளிர்ந்த பக்கத்தில் கன்னம் வைத்தாள்.
தடுக்கக் கை எழுந்தது, வாய் வரவில்லை.
காதையும் வைத்தாள்.
"உள்ள தண்ணி ஓடுது."

உருகுகிறது.
ஒன்பது மணிக்குள் போகவேண்டும்.
கொஞ்சம் பொறுங்கள், என் ஜனங்களே.
உங்களில் எவன் கலகக்காரன் என்று
எனக்குத் தெரியாது.
கம்பஞ்சோறும் குரவை மீனும் பரோட்டாவும்
பேதமில்லாமல் போட்டு வளர்த்தவன் நான்.
நீங்கள் இல்லாமல் ஒருவேளைச் சோறு செரிக்காது எனக்கு.
காட்டிக்கொடுக்கக் கூட்டிப்போவதாக
நினைத்துவிடாதீர்கள்.

நர்ஸ் கையுறை போட்டு வாங்கினாள்.
வேதரத்தினம் என்ற பேரின் மேல்
எண் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டினாள்.
"ரிசல்ட் எப்பம்மா?"
"இது ஆராய்ச்சிண்ணே. உங்களுக்குன்னு ரிசல்ட் வராது."

திரும்பும்போது மடி லேசாக இருந்தது,
குடிபெயர்ந்த வீடுபோல.
வடுவூர் தாண்டிப் பஸ் பஞ்சர்.
ஆண்களெல்லாம் வாய்க்கால் ஓரம் ஒதுங்கினோம்.
நான் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.
நுரை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.
நேற்று இருபதுவரை நின்றது.
பதினான்கு,
பதினைந்து.
டிரைவர் ஹாரன் அடித்தார்.